பாட்டம் ஸ்டேஷன்ல ரயில் கிடையாது

இந்த எபிசோடை ஒரு ஃபோன் கால்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2017 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு. முதுகில் புதுப் பை, காலில் புது ஷூ. ஆபீஸ் ஆட்கள் பதினோரு பேர் போடி பஸ்ஸுக்காக நின்னுக்கிட்டு இருக்கோம். குரங்கணியில ஏற ஆரம்பிச்சு டாப் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறதுதான் திட்டம். பஸ் வர நேரமாச்சு. சரி, தேவாரத்துல இருக்கிற அம்மாச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவோம்னு ஃபோன் போட்டேன்.

"அம்மாச்சி, நம்ம ஊர்ப் பக்கம்தான் வர்றேன். ஆனா வீட்டுக்கு வர முடியாது. குரங்கணி வழியா மலைக்குப் போறோம்."

"மலைக்கா? எந்தத் தோட்டத்துக்கு?"

"தோட்டத்துக்கெல்லாம் இல்ல. சும்மா. ஏறிப் பார்க்கிறதுக்கு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "எம்புட்டுக் குடுக்குறாக?"

"அவங்க குடுக்கல அம்மாச்சி. நாங்கதான் குடுக்கிறோம். ஆளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு."

அம்மாச்சி சிரிச்ச சிரிப்புல பக்கத்துல நின்ன என் டீம் லீடுக்கே கேட்டிருக்கும். "ஏத்தா, அந்தக் காச எங்கிட்டக் குடுத்திருந்தா நானே ஒன்னைய ஏத்தி எறக்கி விட்டுருப்பேனே!"

தேனிப் பக்கம் 'மலைக்குப் போறது'ன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். வேலைக்குப் போறது. ஏலத்தோட்டத்துக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ கூலிக்குப் போறது. "அவ மலைக்குப் போயிருக்கா"ன்னு யாராவது சொன்னா, சாயங்காலம் ஜீப்புல வந்துடுவான்னு அர்த்தம். அந்த ஊரில் பிறந்து, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அங்கேயே படிச்ச எனக்கு இது தெரியும். ஆனா சென்னைக்கு வந்து பத்து வருஷத்துல, அதே வார்த்தை எனக்கு ஒரு வாரக்கடைசி பொழுதுபோக்கா மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்ல. அம்மாச்சி சிரிச்ச பிறகுதான் கவனிச்சேன்.

மறுநாள் காலையில குரங்கணி. அங்கே ஒரு டீக்கடையில எங்களில் ஒருத்தர் கேட்டார்: "இந்த ஊரை ஏன் பாட்டம் ஸ்டேஷன்னு சொல்றாங்க? இங்க ரயில்வே ஸ்டேஷன் இருக்கா?" எங்களைக் கூட்டிட்டுப் போனவர், "அது வெள்ளைக்காரன் வச்ச பேரு சார்"னு சொல்லி முடிச்சுட்டார். அந்தப் பேருக்குள்ள ஒரு நூறு வருஷம் இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ரயில் இருந்தது. ஆனா கீழே இல்ல, மேலே. 1902ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல, குண்டளைப் பள்ளத்தாக்குல ஒரு விநோதமான வண்டிப்பாதை போட்டாங்க. ஒரே ஒரு தண்டவாளம். வண்டிக்கு ஒரு பக்கம் சின்னச் சக்கரம், அது தண்டவாளத்து மேல ஓடும். இன்னொரு பக்கம் பெரிய சக்கரம், அது சாயாமல் இருக்கறதுக்காக மண் ரோட்டு மேல உருளும். இழுக்கிறது மாடு. கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க, மாடு இழுக்கிற மோனோரயில்! 1908ல் இதை எடுத்துட்டு ரெண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதை போட்டு, நீராவி எஞ்சினும் வந்துடுச்சு.

எதுக்கு இவ்வளவு பாடு? தேயிலை. மூணாறு மலையில் விளையிற தேயிலை லண்டனுக்குப் போகணும். அதுக்கு முதல்ல மலையை விட்டு இறங்கணும். இன்னைக்கு மேப்பைப் பார்த்தா மூணாறுக்குப் பக்கம் கொச்சின்னு தோணும். ஆனா அந்தக் காலத்துல அந்தத் தேயிலை இறங்கினது கிழக்குப் பக்கம், நம்ம பக்கம். ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கே இருந்து கம்பி வழியா, ரோப்வேல, தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கிட்டே அஞ்சு கிலோமீட்டர் கீழே இறங்கும். மேலே கம்பி தொடங்குற இடம் டாப் ஸ்டேஷன். கீழே முடியிற இடம் பாட்டம் ஸ்டேஷன். நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு குக்கிராமம் இன்னைக்கும் இருக்கு. சென்னைக்காரங்க அந்தப் பேரைக் கேட்டதும் சிரிப்பாங்க, நாங்களும் சிரிச்சோம். பாட்டம் ஸ்டேஷன்ல இருந்து மாட்டு வண்டியில போடி. போடிக்கே ரயில் வந்தது 1928ல்தான். அதுக்கு முன்னாடி வரைக்கும் வண்டிதான் கதி.

1924 ஜூலையில் பெரிய மழை. கேரளாவில் அதை இன்னைக்கும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'னு சொல்வாங்க, கொல்லம் ஆண்டு 1099ல் வந்ததால. அந்த வெள்ளத்துல மலை மேல ஓடின ரயில் அடிச்சுட்டுப் போயிடுச்சு. திரும்பப் போடவே இல்ல. ரயில் போய், ரோப்வேயும் போய், பேர் மட்டும் நின்னுடுச்சு.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கிட்டு இறங்குச்சு சரி, ஆளுங்க எப்படிப் போனாங்க? நடந்துதான். போடியில இருந்தும், தேவாரம், கோம்பை, கம்பத்துல இருந்தும், மதுரை, திருநெல்வேலிச் சீமையில இருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தலையில மூட்டை, இடுப்புல பிள்ளை. மேலே சாப்பிடறதுக்கான அரிசியும் கீழே இருந்துதான் போகணும். நாங்க 2017ல ஜிபிஎஸ் பார்த்துக்கிட்டே ஏறின பாதை, இப்படி ஆள் நடந்து நடந்து விழுந்த தடம்.

அதை 'கன்னிக்காடு', 'யாருமே போகாத இடம்'னு இன்ஸ்டாகிராம்ல போட்டேன் நான். அந்தப் பதிவு இன்னும் இருக்கு. அழிக்கல. வெட்கமா இருந்தாலும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அம்மாச்சி ஏறின பாதை குரங்கணி இல்ல. தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்து மெட்டுன்னு ஒரு பாதை இருக்கு. அது வழியா ஏறினா இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போயிடலாம். அங்கே ஒரு ரோடு போட்டுக் குடுங்கன்னு ஊர்க்காரங்க பல காலமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த ரோடு பேச்சுல வரும், தேர்தல் முடிஞ்சதும் காணாமப் போகும். ரோடு இல்லாததால ஜீப்புங்க போடிமெட்டு வழியாவோ கம்பமெட்டு வழியாவோ சுத்திப் போகுது. போடிமெட்டுல மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவு. விடியக்காலை ஆறு மணிக்குப் போடியிலயோ கம்பத்துலயோ நின்னு பாருங்க. ஜீப்புக்குள்ள அடைச்சுக்கிட்டு, பின்னாடி தொங்கிக்கிட்டு பொம்பளைங்க போவாங்க. மடியில தூக்குவாளி. அதிகம் ஏத்தினதால கவிழ்ந்த ஜீப் செய்திகள் வருஷத்துக்கு வருஷம் வரும். மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தாண்டாது.

அம்மாச்சி பன்னெண்டு வயசுல ஏற ஆரம்பிச்சாங்களாம். ஏலக்காய்ச் செடி பெரிய மரத்து நிழல்லதான் வளரும். எப்பவும் ஈரம். காய் தரையோட ஒட்டி இருக்கும், குனிஞ்சேதான் எடுக்கணும். அட்டை ஏறும். புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் காலில் தடவிக்குவாங்க. எடுத்த காயை ஸ்டோர்ல உலர்த்தி, மூட்டை கட்டி, தலைச்சுமையா கீழே. போடி இன்னைக்கும் ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர். இப்போ கம்ப்யூட்டர்ல ஏலம் கேட்கிறாங்க. உங்க வீட்டுப் பாயசத்துல கிடக்கிற ஏலக்காய் இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் வந்திருக்கும், பெரும்பாலும்.

இப்போ கொஞ்சம் அரசியல். போர் அடிக்காது, ஏன்னா இதுல பாட்டு வருது.

இந்த மலைமுகடு ரொம்ப காலமாவே எல்லைதான். இந்தப் பக்கம் வெள்ளைக்காரனோட மெட்ராஸ் மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆனா ஏறி இறங்குறவங்களுக்கு அது பெருசாத் தெரியல. மொழிவாரி மாநிலம்னு பேச்சு வந்தபோதுதான் கேள்வி கூர்மையாச்சு. தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களில் தோட்டத் தொழிலாளிகள் பெரும்பாலும் தமிழர்கள். அதனால அது தமிழ்நாட்டோட சேரணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடுச்சு. 1955ல் வந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தோட அறிக்கை அதை ஏத்துக்கல. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட நின்னுடுச்சு. தோட்டத் தொழிலாளிங்க இன்னைக்கு வந்து போற கூலிங்கதானே, நாளைக்கு இறங்கிடுவாங்கதானேங்கிற மாதிரி ஒரு வாதம் அந்தக் காலத்துல பலமா இருந்தது. நாலு தலைமுறையா அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவங்களை 'வந்து போறவங்க'ன்னு சொல்றது எவ்வளவு சுலபம், பாருங்க.

அடுத்த வருஷம், 1957. கேரளாவில் கம்யூனிஸ்ட் கட்சி தேர்தல்ல ஜெயிச்சு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர் ஆகிறார். மெஜாரிட்டி நூலிழை. தேவிகுளத்துல ஜெயிச்சவங்க ரோசம்மா புன்னூஸ். எதிர்த்து நின்னவரோட வேட்புமனுவைத் தப்பா நிராகரிச்சுட்டாங்கன்னு வழக்குப் போய், அந்தத் தேர்தல் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துடுச்சு. 1958ல் இடைத்தேர்தல். நூலிழை மெஜாரிட்டி உள்ள ஒரு அரசாங்கத்துக்கு ஒரு சீட்டுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ் பேசுற தோட்டத் தொழிலாளிகள். கேரளத் தலைவர்கள் மலையாளத்துல மேடை போட்டுப் பேசினா யாருக்குப் போய்ச் சேரும்? பிரசாரப் பொறுப்புல இருந்த இளம் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன்.

அப்போதான் கீழே இருந்து ஒரு பாட்டுக்குழு மலையேறுச்சு. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். சினிமா மெட்டை எடுத்துக்குவார், வரியை மாத்திடுவார். கூலி, கங்காணி, விலைவாசி, முதலாளி எல்லாம் அந்த மெட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடும். ஒரு ஆர்மோனியம், மேளம், அவ்வளவுதான். எஸ்டேட் எஸ்டேட்டா போய்ப் பாடினாங்க. ரோசம்மா புன்னூஸ் திரும்ப ஜெயிச்சாங்க. அந்த வெற்றியில பாவலரோட பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு தேனிக் கம்யூனிஸ்ட்டுகள் இன்னைக்கும் பெருமையாச் சொல்வாங்க.

பாவலரோட தம்பி ஒருத்தர் பதினாலு வயசுல அந்தக் குழுவில சேர்ந்தார். பேர் ராசையா. ஊர் ஊரா, மேடை மேடையா அண்ணனோட சுத்தினார். அவரை நமக்கெல்லாம் இளையராஜான்னு தெரியும்.

ராஜா இசையைப் பத்திப் பேசும்போது நாம பாக்கைப் பேசுவோம், கிராமத்து மெட்டைப் பேசுவோம். ஓட்டுக் கேட்டு மலையில் பாடின அந்தக் குழுவைப் பத்திக் குறைவாத்தான் பேசுறோம். களைச்சுப் போய் லயன் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிற ஜனத்தை, மறுநாள் விடியக்காலை எழுந்திருக்க வேண்டிய ஜனத்தை, ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார வைக்கணும். அதுக்குப் பாட்டு எவ்வளவு நேரடியா இருக்கணும்! இது என் ஊகம்தான். ஆனா ராஜாவோட பாட்டு முதல் நாலு நொடியிலேயே ஆளைப் பிடிச்சுடறதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் நம்புறேன். சுகாதாரத் துறை வேலைக்காக அந்தப் பக்கம் போன அல்லிநகரத்து இளைஞர் ஒருத்தர் இந்தச் சகோதரர்களோட சேர்ந்தார். அவர் பாரதிராஜா. 1981ல் அவர் இயக்கின 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரிச்ச நிறுவனத்தோட பேர் பாவலர் கிரியேஷன்ஸ். டைட்டில் கார்டுல அந்தப் பேர் வரும்போது, இனிமே ஒரு நொடி நிறுத்திப் பாருங்க.

அம்மாச்சி பாவலர் பாடிக் கேட்டிருக்காங்க. தேவாரத்துல, பதினஞ்சு பதினாறு வயசுல. என்ன பாடினாருன்னு கேட்டேன். "எங்க கூலியப் பத்தித்தான்"னாங்க. அவ்வளவுதான் ஞாபகம் இருக்காம். அது போதாதா?

2011க்கு வர்றேன். முல்லைப்பெரியாறு. அந்த அணையோட கதைக்குத் தனி எபிசோடே வேணும், இங்கே சுருக்கமா மட்டும். 1895ல் திறந்த அணை, பென்னிகுவிக் கட்டினது, கம்பம் பள்ளத்தாக்குல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் அதோட தண்ணி போகுது. நீர்மட்டம் எத்தனை அடின்னு ரெண்டு மாநிலத்துக்கும் சண்டை. 2011 நவம்பர்ல 'டேம் 999'னு ஒரு படம், அணை உடையிற கதை. தமிழ்நாட்டுல தடை பண்ணினாங்க. டிசம்பர்ல கம்பத்துல இருந்து ஆயிரக்கணக்குல ஜனம் குமுளிக்கு நடக்க ஆரம்பிச்சுது. ரெண்டு பக்கமும் கடைகள் உடைஞ்சது. ரோடு மூடிட்டாங்க. மலை மேல தோட்டங்கள்ல மாட்டிக்கிட்ட தமிழ்த் தொழிலாளிங்க பயந்துபோய்க் காட்டுப் பாதை வழியா நடந்தே கீழே இறங்கினாங்க. நான் அப்போ காலேஜ். ஹாஸ்டல் டிவியில அதைப் பார்த்தேன். தலையில மூட்டை, இடுப்புல பிள்ளை. கங்காணி காலத்துல ஏறின அதே கோலத்துல இறங்கினாங்க.

இப்போ 2018 மார்ச் 11. ஞாயிற்றுக்கிழமை.

நாங்க போய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ்: "குரங்கணியில தீ. டிரெக்கர்ஸ் மாட்டியிருக்காங்க." என் அம்மா ஃபோன் பண்ணி, "நீ எங்க இருக்க?"ன்னு கேட்டாங்க. வீட்லதான்னு சொன்னதும் பேசாம வச்சுட்டாங்க. அன்னைக்கு எத்தனை வீட்டுல அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் பதில் வராம போயிருக்கும்னு இப்போ நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

சென்னையில இருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர் பக்கம் இருந்து ஒரு குழு. முந்தின நாள் குரங்கணியில இருந்து கொழுக்குமலைக்கு ஏறியிருக்காங்க. கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல இருக்கிற தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருக்கு, ஆனா ஜீப்புல போகணும்னா கேரளாவோட சூரியநெல்லி வழியாத்தான் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது புல்வெளிச் சரிவுல தீ சூழ்ந்துடுச்சு. கடைசியில் 23 உயிர். பலர் பெண்கள், இருபது முப்பது வயசுக்காரங்க, என்னை மாதிரி ஐடி வேலை பார்த்தவங்க. நான் போட்டிருந்த அதே மாதிரி ஷூ ஒண்ணு டிவியில தெரிஞ்சது. கருகிக் கிடந்தது.

காட்டுத்தீ பத்தி எனக்கு அன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சமதரையில தீ ஒரு வேகத்துல போகும். சரிவுல மேல்நோக்கிப் போகும்போது வேகம் பல மடங்கு. கீழே எரியிற வெப்பம் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வச்சுடும். மார்ச் மாசம் அந்தப் பக்கம் மலையில் ஆள் உயரத்துக்குப் புல் காய்ஞ்சு நிக்கும். காத்து வேற எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது. மேல ஓடினா தீ துரத்தும், பள்ளத்துல இறங்கினா புகை அடைக்கும். ஓடத் தெரியாம செத்தாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த இடத்துல ஓடுறதுக்கு வழியே இல்ல.

முதல்ல போய்ச் சேர்ந்தது யார் தெரியுமா? குரங்கணி ஊர்க்காரங்களும் தோட்டத் தொழிலாளிங்களும். இருட்டுல, செல்ஃபோன் வெளிச்சத்துல ஏறி, போர்வையில தூளி கட்டி, வெந்து போனவங்களைத் தூக்கிட்டு இறங்கினாங்க. ஹெலிகாப்டர் வந்தது, வனத்துறையும் தீயணைப்பும் வந்தது, எல்லாம் உண்மை. ஆனா அந்த ராத்திரி, சுமை தூக்கிப் பழகின தோள்களும், தடம் தெரிஞ்ச கால்களும்தான் முதல்ல நின்னது.

அடுத்த நாளே ஒரு பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" டிவியில கேட்டாங்க, ஃபேஸ்புக்ல கேட்டாங்க, எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல கேட்டாங்க. எனக்குக் கோபம் தாங்கல. இந்த மலையை நூறு வருஷமா நடந்து தேய்ச்சதே பொம்பளைங்கதானே? 2015 செப்டம்பர்ல மூணாறு டவுனையே மறிச்சு உட்கார்ந்தது யார்? 20 சதவீத போனஸை 10 ஆக்கினதும், யூனியன் தலைவர்களையே கிட்ட விடாம, ஆயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் ஒன்பது நாள் ரோட்டுல உட்கார்ந்து ஜெயிச்சாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேர். அவங்ககிட்ட யாரும் போய் "மலையில உங்களுக்கு என்ன வேலை"ன்னு கேட்கல. கூலிக்கு ஏறினா கேள்வி இல்ல. சந்தோஷத்துக்கு ஏறினாத்தான் கேள்வி.

ஆனா எனக்குள்ளயும் ஒரு கேள்வி இருந்தது, அதை மறைக்க விரும்பல. 2017ல நாங்க போனப்போ அனுமதிச் சீட்டு இருந்துச்சா? தெரியாது. நான் கேட்கல. பதினோரு பேரில் யாருமே கேட்கல. பணம் கட்டியாச்சு, கூட்டிட்டுப் போறவர் பார்த்துக்குவார்னு நினைச்சோம். அந்த ஃபோன் கால்ல அம்மாச்சி கடைசியா ஒண்ணு சொன்னாங்க: "மாசி வெயிலு. புல்லுக்காட்டுல நிக்காதீக, மத்தியானத்துக்குள்ள எறங்கிருங்க." அம்மாச்சி தீர்க்கதரிசி எல்லாம் கிடையாது, நான் கறுத்துப் போயிடுவேன்னு சொல்லியிருப்பாங்க. ஆனாலும் எந்த மாசத்துல எந்த நேரத்துல எங்கே நிக்கக் கூடாதுங்கிற அறிவு அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் இருந்தது. ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாயில அது மட்டும் அடங்கல. நாங்க அதைக் கேட்டு வாங்கவும் இல்ல.

அதுக்கப்புறம் அரசாங்கம் விசாரணை வச்சுது, 2018லேயே மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டு வந்தது. 2024 அக்டோபர்ல வனத்துறையே மலையேற்றத் திட்டம் ஒண்ணைத் தொடங்கி, நாற்பது பாதைகளைத் திறந்தது. குரங்கணியில இருந்து சாம்பலாறு வரைக்கும் ஒரு பாதையும் அதுல இருக்கு. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகள். தீ பிடிக்கிற மாசங்கள்ல மூடிடறாங்க. நல்ல விஷயம்னுதான் நினைக்கிறேன். சாக்குலூத்து மெட்டு ரோடு கதை வேற, அது இன்னும் பேச்சுலதான் இருக்கு.

தீ நடந்த அதே வருஷம், ஆகஸ்ட் 24. 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளியாச்சு. லெனின் பாரதி இயக்கினது, விஜய் சேதுபதி தயாரிப்பு, கேமரா தேனி ஈஸ்வர், இசை இளையராஜா. ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருத்தன், சொந்தமா ஒரு துண்டு நிலம் வாங்கணும்னு நினைக்கிறான், அவ்வளவுதான் கதை. படத்துல முதல் பாதி முழுக்க ஆளுங்க மலையேறிக்கிட்டே இருப்பாங்க. சத்யம் தியேட்டர்ல எனக்குப் பக்கத்து சீட்டுல இருந்தவர், "எப்பதான் கதை ஆரம்பிக்கும்?"னு கேட்டார். நான் பதில் சொல்லல. எனக்குக் கதை எப்பவோ ஆரம்பிச்சிருந்தது. பாவலர் எந்த ஜனத்துக்காகப் பாடினாரோ, அறுபது வருஷம் கழிச்சு அதே ஜனத்தோட படத்துக்கு அவரோட தம்பி இசை போட்டிருக்கார்.

போன பொங்கலுக்குத் தேவாரம் போயிருந்தேன். இப்போ போடி வரைக்கும் சென்னையில இருந்தே ரயில் இருக்கு. அகலப்பாதை ஆக்கறோம்னு 2010 கடைசியில நிறுத்தின பாதை, போடிக்குத் திரும்ப வந்து சேர 2023 ஜூன் ஆச்சு. அம்மாச்சிக்கு எண்பது தாண்டிடுச்சு. முட்டி ரெண்டும் போச்சு, திண்ணையை விட்டு இறங்கறதே பெரும்பாடு. திண்ணையில உட்கார்ந்தா மலை தெரியும். ஃபோன்ல அந்தப் படத்தைப் போட்டுக் குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, ஃபோனை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. "இது நம்ம பக்கமுல்ல?"ன்னாங்க. மூட்டை மலையில உருண்டு விழுற காட்சி வந்தது. அம்மாச்சி ஃபோனை என்கிட்ட நீட்டிட்டாங்க.

"ஏன் அம்மாச்சி, நல்லா இல்லயா?"

"நல்லாத்தான் இருக்கு. பெறகு பாக்குறேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க. கல்யாணமான புதுசுல ஒரு மழை நாள். சாக்குலூத்துல இறங்கும்போது கால் வழுக்கி மூட்டை போயிடுச்சு. வயித்துல எங்க பெரியம்மா. விழுந்தவளை யாரும் ஒண்ணும் கேட்கலையாம், மூட்டையைத்தான் கேட்டாங்களாம். கங்காணி கூலியில பிடிச்சுக்கிட்டார். பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள பெரியம்மா பிறந்து உட்காரவே ஆரம்பிச்சுட்டாங்களாம்.

"எவ்வளவு காய் இருந்தது அதுல?"ன்னு கேட்டேன். அறுபது வருஷத்துக்கு முந்தின கணக்கு, ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சுத்தான் கேட்டேன்.

"இருவத்திரெண்டு கிலோ"ன்னாங்க அம்மாச்சி, யோசிக்காமலே.

சரி, அடுத்த எபிசோடுல பேசுவோம்.